மே மாதத்துக் கருவாடு

அணை வீடு
27 ஒக்டோபர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுடையதற்கு வரலாம். போன கிழமை குடும்பக் குழுவில் வந்து விழுந்த குரல் செய்தி உங்களுக்கென்று மட்டும் பேசியது. கண்ணாடி போடாமல் விரலை வைத்துவிட்டேன். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு பாடியதையும், லூர்தம்மா அக்காவின் புதுச் சீலை றீஜனல் ரயிலின் சீற்றுத் துணி மாதிரி இருக்கிறது என்று சொன்னதையும் கனடா வரைக்கும் கேட்டுவிட்டார்கள். அக்கா என்னோடு கதையை நிறுத்திவிட்டா. நியாயம்தான். ஆனால் கடைசியில் "அத்தான், அந்த விசயம் என்ன மாதிரி?" என்று கேட்டிருந்தேன் பாருங்கள், அதோடு எல்லோரும் சீலையை விட்டுவிட்டு "எந்த விசயம்?" என்று பிடித்துக்கொண்டார்கள். ஆகவே இனிக் கடிதம். முத்திரை ஒட்டினால் ஒரு வீட்டுக்குத்தான் போகும்.

அந்த விசயம் இதுதான்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. ஆற்றுத் தண்ணீர் மின்சாரச் சக்கரத்துக்குள் போகிற வாயில் ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது. அதில் வந்து மாட்டுகிற இலை, கொப்பு, பந்து, ஒருமுறை ஒருவருடைய பொய்ப்பல், எல்லாவற்றையும் வாரி எடுப்பது என் வேலை. என் மனிசன் செய்த வேலை, அவர் போன பிறகு எனக்கு வந்தது. வேலையோடு இந்த வீடும். இரண்டையும் தந்தவர் அணைக்காரர் ஓவர்காம்ப். அணை போனால் இரண்டும் போகும்.

அணை ஏன் போகவேண்டும் என்று கேட்பீர்கள். பழைய காலத்தில் றைன் நதியிலிருந்து இந்த ஆற்றுக்கு லாக்ஸ் மீன், இங்கிலிசில் சால்மன், கூட்டம் கூட்டமாக ஏறிவந்ததாம். கடலிலே வளர்ந்து, பிறந்த இடத்துக்கே திரும்பி வந்து முட்டை போடுகிற சாதி. சந்தியில் இருக்கிற காஸ்ட்ஹவுஸ் சாப்பாட்டுக்கடைச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. இரண்டு ஆம்பிளைகள் ஒரு மீனைத் தடியில் கொழுவித் தூக்கி நிற்கிறார்கள், வால் நிலத்தில் முட்டுகிறது. பிறகு மில்லுக்கு ஒரு அணை, கரண்டுக்கு ஒரு அணை, கீழே றைனில் அதைவிடப் பெரியது. வந்த மீன்கள் சுவரில் மண்டையை இடித்து இடித்து நின்றனவாம். தாய் ஏறாவிட்டால் குஞ்சு எங்கே வரும்? இப்போது இந்த ஊரில் உயிரோடு இருக்கிற ஒருவரும் ஆற்றில் லாக்ஸைக் கண்டதில்லை, கடையில் நெகிழிப் பையில்தான் கண்டவர்கள்.

மீன்பிடிச் சங்கத் தலைவர் பிரிங்மன் ஒவ்வொரு வசந்தத்திலும் வெளிநாட்டு முட்டையில் பொரித்த குஞ்சுகளை மேலாற்றில் வாளியால் ஊற்றுகிறார். ஊற்றிய பிறகு ஒன்றையும் ஒருவரும் கண்டதில்லை, திரும்பி வந்ததும் இல்லை. ஓவர்காம்பின் அணை உரிமம் முடிகிறது. மார்ச்சில் விசாரணை. ஆற்றில் லாக்ஸ் இருக்கிறது என்று காட்டினால் அணையைத் திறக்கச் சொல்வார்கள். இல்லையென்றால் எங்கள் காலம் முடியும் வரைக்கும் அணை நிற்கும்.

இப்படி இருக்கையில்தான் இந்த மாதம் மீன் ஏணியின் (அணையைத் தாண்டி மீன் ஏறட்டும் என்று பிறகு ஓரத்தில் கட்டிய படித்தொட்டிகள்) உச்சியில் உள்ள பிடிகூட்டுக்குள் ஒரு பெரிய மீன் கிடந்தது. ஒரு பிள்ளையின் நீளம். பிரிங்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, "வாலை ஈரத் துவாயால் நல்லாய்ச் சுத்திப் பிடியுங்கோ, வழுக்கும்" என்றார். படம் எடுத்தார்கள். மீனை மேலாற்றில் விட்டார்கள். அடுத்த நாள் பேப்பரில் என் கையும் துவாயும் வந்தன.

அதுக்கடுத்த நாள் பிரிங்மன் கரையில் கிடந்த ஒரு மூடியைக் கொண்டுவந்து, "இது உங்கட எழுத்தோ? என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். நீங்கள் மீன் வியாபாரத்துக்கு வைத்திருக்கிற ஐஸ் பெட்டியின் மூடி, அத்தான். சிவப்பு மையில் கொட்டை எழுத்தில்: "அம்புறோசின் பெட்டி. எடுத்தவன் திருப்பிக் கொடு."

இந்த ஊரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "மாதாவுக்கு ஒரு செபம்" என்று சொன்னேன். அவர் அதை மரியாதையாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

உங்கள் வானை, மீன் அகப்பட்டதற்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம் அணைக்குக் கீழே பாலத்தடியில் கண்டதாகப் பேக்கரிக்காரி சொல்கிறாள். ஊர் முழுக்க அறுவடைக் கொண்டாட்டத்தில் நின்ற நேரம். ஹம்மிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர் என் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடிக்காமல் ஏன் போனீர்கள்? யாருடைய மீன்? யாருக்காக விட்டீர்கள்?

உங்கள் மச்சாள்,
அன்ரனிற்றா


ஹம்
5 நவம்பர் 2024

அன்ரனிற்றாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. உறை ஒருமுறை திறந்து திரும்ப ஒட்டியது போல இருந்தது. நீர் ஒட்டிய விதமா, இந்த வீட்டில் யாரும் கேத்தில் ஆவியில் பிடித்ததா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் எனக்குத்தான் கேள்வி வரும்.

நான் அன்று அங்கே வரவில்லை. வெள்ளை வான் ஜெர்மனியில் ஆயிரம் ஓடுகிறது. என் பெட்டிகள் ஊர் ஊராகப் போகின்றன. மீன் வாங்கினவர்கள் திருப்பித் தருவதில்லை, அதனால்தான் அப்படி எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மூடி ஆற்றில் மிதந்து வந்திருக்கலாம்.

ஹம்மிலிருந்து உமது ஆற்றுக்குத் தண்ணீர் ஓடாது என்று எழுதப் போகிறீர். எழுதவேண்டாம்.

நான் கேட்கிறேன், நீர் பதில் சொல்லும். நீர் அந்த ஓவர்காம்பின் சம்பளத்தில் இருக்கிறவர், அவன் வீட்டில் இருக்கிறவர். அணை நின்றால் உமக்கு நல்லது. அப்படியிருக்க, "யாருக்காக விட்டீர்கள்" என்று என்னிடம் எழுத்தில் கேட்பது ஏன்? நான் எழுத்தில் பதில் தந்தால் அது நாளைக்கு யாருடைய மேசையில் கிடக்கும்? நான் வியாபாரம் செய்கிறவன். வருசத்துக்கு ஒருமுறை அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்து என் வானின் குளிர் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். என் பெயர் ஒரு இடத்திலும் வரக்கூடாது.

நீர் மே மாதத்தில் அனுப்பிய சூடைக் கருவாடு பாதிப் போத்தல் இருக்கிறது. இனி அனுப்பினால் உப்பைக் குறைத்துப் போடும். அக்காவுக்கு உப்பு ஆகாது.

அம்புறோஸ்


அணை வீடு
14 நவம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

வரவே இல்லை என்று முதல் வரியில் எழுதிவிட்டு, மூடி மிதந்து வந்தது என்று அடுத்த வரியில் எழுதுகிற ஆளை நான் இன்றைக்குத்தான் காண்கிறேன். கள்ளன் என்றாலும் கொஞ்சம் யோசித்துப் பொய் சொல்லவேண்டாமா? அக்காவைக் கட்டின காலத்திலிருந்து உங்களுக்கு அது வரவே இல்லை.

இனிக் கேளுங்கள். ஓவர்காம்பும் அந்த மூடியைக் கண்டிருக்கிறார். அது கரையில் கிடந்தபோதே படம் எடுத்து வைத்திருக்கிறார். ரெலிபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அன்ரனிற்றா, இதிலை என்ன எழுதியிருக்கு?"

"அரிசிக் கொம்பனியின்ரை பேர்."

"அரிசி மூடியிலை ஏன் மீன் மணக்குது?"

"படத்திலை மணம் வருமோ, ஹேர் ஓவர்காம்ப்?"

சிரிக்கவில்லை. வாசற்படியில் நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கூரை, யன்னல், என் திரைச்சீலை எல்லாம். "இந்த மீனை யார் கொண்டுவந்தது எண்டு தெரிஞ்சால் சொல்லுங்கோ. வீட்டைப் பற்றி நீங்கள் யோசிக்கவே தேவையில்லை" என்றார். சொல்லாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆக, ஒருவருக்கு செபம், ஒருவருக்கு அரிசி. இரண்டு பேரும் ஒருநாள் சந்தித்துக் கதைத்தால் நான் முடிந்தேன்.

எனக்கு இப்போது எல்லோரிலும் சந்தேகம். பேக்கரிக்காரி பாண் தரும்போது என் கையைப் பார்க்கிறாள். தபால்காரன் உங்கள் கடிதத்தைத் தரும்போது, "ஹம்மிலை இருந்து" என்று சத்தமாக வாசிக்கிறான். பிரிங்மனிலும் சந்தேகம். உண்மையாகவே வழுக்கும் என்றுதான் வாலைச் சுற்றச் சொன்னாரா? நான் பிறந்த நாளிலிருந்து மீன் பிடித்துப் பழகினவள், மீன் வழுக்குவது தலையில்தான். வாலில் அவர் எதை மறைத்தார்?

உங்களில்தான் பெரிய சந்தேகம். ஓவர்காம்ப்தான் உங்களைப் பிடித்து இந்த மீனை விடச்செய்தாரா? கள்ள மீனை விட்டு, சங்கம் அதை லாக்ஸ் என்று ஊதினபிறகு, விசாரணையில் குத்தி உடைக்கிற திட்டமா? அப்படி என்றால் என் வீடு காப்பாற்றப்பட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் எனக்குச் சொல்லாமல் செய்ததற்கு உங்களை நான் தண்ணீருக்குள் பிடித்துத் தள்ளவேண்டும்.

ஒரு வரி எழுதுங்கள். எரித்துவிடுகிறேன். (எரிக்க மாட்டேன், ஆனால் ஒளித்து வைப்பேன்.)

அன்ரனிற்றா

பி.கு. அக்காவுக்கு உப்பு ஆகாது என்று எப்போதிருந்து?


ஹம்
9 டிசம்பர் 2024

அன்ரனிற்றாவுக்கு,

உமது கடிதத்தை லூர்தம்மா கண்டுவிட்டா. கையில் வைத்துக்கொண்டு நின்றா.

"என்னப்பா இது? என்ரை தங்கச்சிக்கு நீங்கள் என்ன கடிதம் எழுதுறியள்?"

"சும்மா. மீன் விசயம்."

"மீன் விசயத்தை எரிச்சுப்போடுறன் எண்டு ஏன் எழுதுறாள்?"

இதற்கு நான் என்ன சொல்ல? உம்மோடு எனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. அவவுக்குச் சொன்னதை உமக்கும் எழுதச் சொல்லி அவவே எதிரில் இருக்கிறா. ஆகவே இதில் பொய் இல்லை.

ஆடி முடிய அக்காவின் நெஞ்சில் ஒரு கட்டி கண்டார்கள். உமக்குச் சொல்லக்கூடாது என்று அவ என்னிடம் சத்தியம் வாங்கினா. உமக்குச் சொன்னால் நீர் அழுதுகொண்டு குடும்பக் குழுவில் போட்டுவிடுவீர் என்று பயம். அது தவறான பயம் இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஆவணி யாத்திரையில் கேவலாரில் மாதாவின் முன்னால் நான் நேர்ந்தேன். முப்பது வருசமாக மீனின் உயிரில் சீவிக்கிறவன் நான். கட்டி பொல்லாதது இல்லை என்று வந்தால், என் கைக்கு வருகிற மிகப் பெரிய மீனை உயிரோடு ஓடுகிற தண்ணீரில் விடுகிறேன் என்று சொன்னேன். ஒக்டோபரில் முடிவு வந்தது. ஒன்றுமில்லை. வெட்டி எடுத்தார்கள், அவ்வளவுதான்.

செத்த மீன் எனக்கு எங்கேயும் கிடைக்கும். உயிர் மீனுக்கு சவர்லாந்தில் மீன் வளர்க்கிற ஒரு குளத்துக்காரனிடம் போனேன். இருந்ததில் பெரியதை வாங்கினேன். பலகையில் லாக்ஸ்-ஃபொரெல் என்று எழுதியிருந்தான். ஃபொரெல் என்பது இங்கே குளத்தில் வளர்க்கிற இன்னொரு சாதி மீன், ஆனால் எனக்கு முதல் பாதி போதும். காற்றுப் பம்ப் வைத்து வானில் கொண்டுவந்தேன். ஓடுகிற தண்ணீர் என்றால் உமது ஆறுதான் எனக்குத் தெரியும். உமது வீட்டுக்கு வந்திருந்தால் ஏன் வந்தீர்கள் என்று கேட்பீர், நான் சொல்லிவிடுவேன். அதனால் வரவில்லை. மூடி காற்றில் போய்விட்டது.

ஓவர்காம்பையும் தெரியாது, பிரிங்மனையும் தெரியாது. இங்கே இப்படி மீன் விடுவது குற்றம் என்று பிறகுதான் அறிந்தேன்.

நீர் இதை நம்புவீரா என்று எனக்குத் தெரியாது. நீர் இதை என்ன செய்யப் போகிறீர் என்றும் தெரியாது. அதுதான் எனக்குப் பயம்.

அம்புறோஸ்

(கீழே வேறு கையெழுத்தில்) சீலை உண்மையிலேயே ரயில் சீற்றுத்தான். மாற்றிவிட்டேன். நத்தாருக்கு வா. — லூர்தம்மா


அணை வீடு
12 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நத்தாருக்கு வந்தபோது அக்காவைக் கட்டிப்பிடித்து அழுததைப் பற்றி எழுதமாட்டேன், நீங்கள் கண்ணால் கண்டீர்கள். என்னை விட நீங்கள்தான் கூட அழுதீர்கள் என்பதையும் எழுதமாட்டேன்.

உங்களை நம்புகிறேன். இப்படி ஒரு கதையைப் பொய்யாகக் கட்ட உங்களுக்கு மூளை காணாது.

ஆனால் அத்தான், நீங்கள் மாதாவுக்கு விட்ட மீன் இந்த ஊரைப் போட்டு உலுப்புகிறது. திரும்பி வந்ததும் பிரிங்மனைப் பிடித்தேன். கூட்டைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"ஹேர் பிரிங்மன், வாலை ஏன் சுத்தச் சொன்னியள்?"

பிறஷ்ஷை நிறுத்தவில்லை.

"லாக்சின்ரை வாலிலை புள்ளி இல்லையாமே? குளத்து மீனுக்குத்தான் இருக்குமாமே?"

"யார் சொன்னது?"

"மீன் விக்கிற ஒரு ஆள்."

கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு சொன்னார்: "இளந்தாரியாய் இருந்த காலத்திலை இருந்து வாளி தூக்கிறன். என்ரை தோள்மூட்டு போச்சு. ஒரு மீனும் வரேல்லை. ஒரு படம், ஒரேயொரு படம் போதும் எண்டு நினைச்சன்." அவர் அழுதது மீனைக் கண்டு இல்லை, அத்தான். பொய் சொல்லப் போகிறோம் என்று தெரிந்து அழுதிருக்கிறார்.

அவருக்குத் தெரியும் என்றால் ஓவர்காம்புக்குத் தெரியாமல் இருக்குமா? அவருடைய சக்கரவீட்டுச் சுவரில் ஒரு கமரா இருக்கிறது. அவர் ஏன் இன்னும் வாய் திறக்கவில்லை? மார்ச் வரைக்கும் பொத்தி வைத்திருக்கிறார். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் திறந்து, சங்கம் கள்ளச் சங்கம், இந்த ஆற்றில் லாக்ஸ் என்று ஒன்றே இல்லை என்பார். அணை நிற்கும். வாளியும் நிற்கும். லாக்ஸ் என்ற பேச்சே முடிந்துவிடும்.

என் வீடு பிழைக்கும். நான் சந்தோசப்படவேண்டும்.

ஒன்று சொல்லவேண்டும், இதையும் சந்தேகத்தோடுதான் சொல்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கம்பித் தடுப்பில் வெள்ளி மாதிரி மின்னுகிற சின்ன மீன்கள் வந்து ஒட்டிக் கிடக்கும். சில முழுசாக, சில துண்டாக. ஓவர்காம்ப் எனக்கு எப்போதும் ஒன்றுதான் சொல்வார்: "சங்கத்து ஆக்கள் வரமுன்னம் அள்ளிப் போடுங்கோ." சுத்தம் பார்க்கிற மனுசன் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்தேன். கொப்பும் இலையும் கிழமைக் கணக்காகக் கிடந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மீனுக்கு மட்டும் ஏன் அவ்வளவு அவசரம்?

அன்ரனிற்றா


ஹம்
2 பெப்ரவரி 2025

அன்ரனிற்றாவுக்கு,

உமது கடிதத்தை வாசித்து முடித்ததும் எழும்பிக் குசினிக்குப் போனேன். கருவாட்டுப் போத்தலைக் கொண்டுவந்து லாம்புக்குக் கீழே கொட்டினேன்.

நீர் இதைச் சூடை மாதிரி ஆற்று மீன் என்று அனுப்பினீர். நாங்களும் சூடை என்றே பொரித்தோம். சூடைக்கு முதுகில் நீந்துகிற செட்டை ஒன்றுதான். இதற்கு வாலுக்குக் கிட்ட இன்னொரு சின்னச் செட்டை இருக்கிறது, காய்ந்து ஒட்டிப் போய், நகத்தால் கிளப்பினால்தான் தெரிகிறது. நான் தினமும் துண்டு போடுகிற லாக்சுக்கு அந்த இடத்தில் அதே செட்டை இருக்கிறது. ஃபொரெலுக்கும் இருக்கும், ஆகையால் நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் கூட்டமாக, மே மாதத்தில், வெள்ளி உடம்போடு கீழே இறங்குகிற குஞ்சு எது? கடலுக்குப் போகிற குஞ்சுதானே?

லூர்தம்மா பார்த்துவிட்டு, "ஐயோ, நாங்கள் பொரிச்சுத் திண்டது பிரிங்மன் வளத்த பிள்ளையளையோ?" என்றா. அதற்குப் பிறகு அவ இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

நான் உம்மை நேராகக் கேட்கிறேன். நீர் இதைத் தெரிந்துகொண்டுதான் அனுப்பினீரா? அந்த வீட்டில் இருக்கக் கூடாத சாமானை என் வீட்டில் வைத்திருக்கிறீரா? இங்கே மூடியில் என் பெயர், அங்கே போத்தல் என் குசினியில். நாளைக்கு யாரும் வந்தால் எல்லாம் அம்புறோசின் கையில்தான் இருக்கும்.

பதில் எழுதும். போத்தலை இப்போதைக்கு உடுப்பு அலுமாரியில் வைத்திருக்கிறேன். உடுப்பெல்லாம் மணக்கிறது.

அம்புறோஸ்


அணை வீடு
20 பெப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

தெரிந்து செய்யவில்லை. தெரிந்திருந்தால் நானே தின்றிருப்பேன், உங்களுக்கு ஏன் அனுப்புகிறேன்?

எங்கள் ஊர் பாசையூரில் வலை இழுக்கிறவளுக்குக் கறிக்கு மீன் உண்டு, அதை முதலாளியும் மறுக்க மாட்டான். கையால் உழைத்த இடத்தில் வந்து விழுகிற மீன் என் கறிப் பங்கு என்றே நினைத்தேன். குப்பையில் போடச் சொன்னார், முழு மீனைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. கழுவி, உப்புப் போட்டு, சக்கரவீட்டுத் தகரத்தில் காயவைத்தேன். துண்டானதை மட்டும் குப்பையில் போட்டேன். ஒவ்வொரு மேயும்.

அந்தப் போத்தல் உண்மையான லாக்ஸ் என்றால், ஓவர்காம்ப் சொல்லப் போகிற "ஆற்றில் ஒன்றும் இல்லை" பொய். அதைக் காட்டினால் என் வீடு போகும். காட்டாவிட்டால் நான் ஒவ்வொரு மேயும் தடியைப் பிடித்துக்கொண்டு அதை வாரவேண்டும், இனித் தெரிந்துகொண்டே வாரவேண்டும். இரண்டில் எது என்னால் ஏலும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விசாரணை மார்ச் 20, நகரமண்டபத்தில். போத்தலைக் கொண்டு வாருங்கள். குடுக்கிறதோ, குழம்பு வைக்கிறதோ, அங்கே வைத்துச் சொல்கிறேன்.

அன்ரனிற்றா


ஹம்
1 மார்ச் 2025

அன்ரனிற்றாவுக்கு,

வரமாட்டேன். பார்சலிலும் அனுப்பமாட்டேன், தபால்காரன் மணத்திலேயே பிடித்துவிடுவான்.

நான் வந்தால் மூடியையும் என்னையும் ஒரே மேசையில் வைப்பீர். உம்மை எனக்குத் தெரியும். பகிடி என்று தொடங்குவீர்.

லூர்தம்மா என்னோடு கதைக்கவில்லை.

அம்புறோஸ்


அணை வீடு
23 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

வராதவர் வந்து, நகரமண்டப வாசலில் போத்தலை என் கையில் திணித்துவிட்டு, "என்னைக் காணேல்லை, சரியோ?" என்று ஓடினீர்களே, வானின் பின்கதவைச் சாத்தாமலே போனீர்கள். வழியில் எத்தனை பெட்டி விழுந்தன என்று எழுதுங்கள். உள்ளே நடந்ததை நான் எழுதுகிறேன், உட்கார்ந்து வாசியுங்கள்.

நான் நினைத்தபடியேதான். ஓவர்காம்பின் வக்கீல் பெரிய படம் போட்டார். அவர்களுடைய கமராவில் துவாய் சுற்றுவதற்கு முதல் எடுத்தது. வால் முழுக்கப் புள்ளி. "குளத்து ஃபொரெல்! ஏமாற்று!" மண்டபம் இரைந்தது. பிரிங்மன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பிறகு வக்கீல் ஓவர்காம்ப் எடுத்த மூடியின் படத்தை மேசையில் வைத்தார்.

"இது ஒரு அரிசிக் கொம்பனியின்ரை பேர் எண்டு எங்களுக்குச் சொல்லப்பட்டது."

பிரிங்மன் தலையை நிமிர்த்தி, "இல்லை, அது மாதாவுக்கு ஒரு செபம்" என்றார்.

இரண்டு பக்கமும் திரும்பி என்னைப் பார்த்தன.

எழும்பினேன், அத்தான். வேறு வழி இருக்கவில்லை. உள்ளபடியே வாசித்தேன். "அம்புறோசின் பெட்டி. எடுத்தவன் திருப்பிக் கொடு." அம்புறோஸ் யார் என்று கேட்டார்கள். என் அத்தான், அக்காவின் உயிருக்கு நேர்ந்து விட்ட மீன், சங்கத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றேன். பின்வரிசையில் ஒரு மனிசி அழுதாள். உங்கள் பெயர் எழுத்தில் ஏறிவிட்டது, மன்னியுங்கள். நல்ல மனுசன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை அவர்கள் எழுதினதாகத் தெரியவில்லை.

ஓவர்காம்ப் கதிரையில் சாய்ந்தார். "அப்ப, இந்த ஆற்றிலை லாக்ஸ் இல்லை எண்டது முடிவு" என்றார் வக்கீல்.

அப்போதுதான் போத்தலை வைத்தேன்.

ஓவர்காம்ப் மெதுவாகச் சொன்னார்: "அன்ரனிற்றா, உங்கட வீட்டை யோசியுங்கோ."

"யோசிச்சுத்தான் வைக்கிறன்."

கந்தோர்ப் பக்கம் ஒரு இளம் பெட்டை இருந்தாள், ஃப்ராவ் டொக்டர் ஹில்லர், மீன் படித்தவள். போத்தல் மூடியைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் யன்னலைத் திறந்தார்கள். அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். செட்டையைக் கிளப்பினாள், நீங்கள் செய்த மாதிரியே.

"எங்கை எடுத்தது?"

"கம்பித் தடுப்பிலை. மே மாதத்திலை."

"எத்தினை வருசமாய்?"

"வேலைக்கு வந்ததிலை இருந்து."

"மற்றதுகள்?"

"துண்டானதுகள் குப்பையிலை. சங்கத்து ஆக்கள் வரமுன்னம் அள்ளச் சொன்னவர் ஹேர் ஓவர்காம்ப்."

"முழுசாய்க் கிடந்ததுகள்?"

"பொரிச்சனாங்கள்."

ஃப்ராவ் ஹில்லர் குனிந்து எழுதினாள், "பொரித்தது" என்று எழுதினாளா என்று பார்த்தேன், எழுதினாள். பிறகு போத்தலை ஆராயக் கொண்டுபோனாள்.

வீட்டுக்கு வந்தபோது கதவடியில் ஓவர்காம்பின் கடிதம் கிடந்தது. வேலை இல்லை. யூன் முடிய வீட்டையும் விடவேண்டும். எப்போது எழுதினார்? நான் போத்தலை வைக்க முதலே எழுதி வைத்திருப்பாரோ என்றும் ஒரு சந்தேகம்.

அன்ரனிற்றா


ஹம்
6 யூலை 2025

அன்ரனிற்றாவுக்கு,

மீன் விட்டதற்கு அபராதம் வந்தது, கட்டிவிட்டேன். கட்டும்போது கந்தோர்க்காரன், "செபப் பெட்டிக்காரர் நீங்கள்தானோ?" என்று கேட்டான். வியாபாரத்துக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. இரண்டு புது ஜெர்மன் வாடிக்கையாளர் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று தெரியவில்லை. கவனமாக இருக்கிறேன்.

சாமான் ஏற்ற வானைக் கொண்டு வந்தபோது நீர் அழவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. அழுதிருக்கலாம்.

லூர்தம்மா உமக்கு இங்கே அறை ஒழுங்கு பண்ணியிருக்கிறா. நீர் வரமாட்டீர் என்று சொன்னேன். ஆராய்ச்சி முடிவு வந்ததா? மறைக்காமல் எழுதும்.

அம்புறோஸ்


ஸ்டேஷன் தெரு
21 செப்டெம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

வரமாட்டேன். இங்கே ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை. முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. ரயில் போகும்போது கோப்பைகள் ஆடும். ஓவர்காம்பைத் தெருவில் கண்டால் நான் வணக்கம் சொல்லுவேன், அவர் கடையின் கண்ணாடியைப் பார்ப்பார்.

முடிவு வந்தது. மறைக்கவில்லை, பேப்பரில் போடும் வரைக்கும் நானும் நம்பவில்லை. போத்தலில் இருந்தவை லாக்ஸ் குஞ்சுகள். பெரும்பாலானவை பிரிங்மனின் வாளியில் வந்தவை. ஆனால் மரபணுவைப் பார்த்தால் சில அப்படி இல்லையாம். தாயும் தகப்பனும் வாளிக் கணக்கில் இல்லையாம், ஆற்றிலேயே பிறந்தவையாம். மாரி வெள்ளம் அணைக்கு மேலால் பாய்ந்த ஏதோ ஒரு வருசத்தில், கூடும் கமராவும் காணாமல், ஒரு தாய் மேலே போயிருக்கிறாள். பிரிங்மன் காஸ்ட்ஹவுசில் அந்தக் கடிதத்தை என்னிடம் தந்து, "திரும்ப ஒருக்கால் வாசியுங்கோ" என்றார். எனக்கு அந்த ஜெர்மன் பாதி விளங்காது என்று அவருக்குத் தெரியும். வாசித்தேன். என்னைப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார், எத்தனையைப் பொரித்திருப்பேன் என்று கணக்குப் போடுகிறார் போலிருக்கிறது. நான் சொல்லப் போவதில்லை.

அணையைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். முழுக்க உடைக்கவில்லை, முதலில் தண்ணீரை மறித்து நிற்கிற மரப் பலகைகளைக் கழற்றிப் பார்க்கிறார்களாம். நேற்றுத்தான் முதல் பலகை. நகரசபைத் தலைவர் பேசினார், பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். முதல் பலகையைக் கொழுக்கியால் இழுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கம்பித் தடுப்பில் நின்ற கைக்கு அது பெரிய வேலை இல்லை. இழுத்தேன். பலகை நான் நினைத்ததை விடக் கெதியாகக் கழன்று தண்ணீரோடு கீழே போனது. கீழே நகரசபையின் படகு கட்டியிருந்தது. பலகை படகின் நடுவில் பட்டது. படகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. விழாவுக்கு வாங்கின கேக் அதற்குள் இருந்தது. எல்லோரும் கரையில் நின்று பார்த்தோம். பிறகு காஸ்ட்ஹவுசுக்குப் போய்க் கேக் இல்லாமல் கோப்பி குடித்தோம்.

அன்ரனிற்றா